சந்தியாகோவின் தூண்டில் கணக்கு

உயர்தர வகுப்பில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ படித்தவர்கள் எல்லோரும் ‘விடாமுயற்சி’ என்று தொடங்கும் ஒரு விடையை எழுதியே இருப்போம். எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு அந்த விடையைக் கண்டாலே எரிச்சல். “விடாமுயற்சி ஆமைக்கும் உண்டு. இந்த மனிதரிடம் என்ன தொழில் இருக்கிறது என்று பாருங்கள்” என்பார்.

அவர் எங்களை நிறுத்திவைத்த இடம் தூண்டில்கள் கடலில் இறங்கும் பக்கம். 84 நாளாக மீன் படாத கிழ மீனவர் சந்தியாகோ, 85ஆம் நாள் விடியலில் நான்கு தூண்டில்களை இறக்குகிறார்: 40, 75, 100, 125 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி ஆழம்). மற்றவர்கள் நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிடுவார்கள். 100 பாகத்தில் நிற்பதாக நினைக்கும் இரை 60இல் மிதந்துகொண்டிருக்கும். இவர் கயிறுகளை நேர்குத்தாக நிறுத்துகிறார். கரையோரத்திலிருந்து வந்த எங்கள் வகுப்புத் தோழன் அன்றுதான் முதன்முறையாக ஆங்கில வகுப்பில் எழுந்து பேசினான். கயிறு சாய்ந்தால் பாகக் கணக்கு ஏன் பொய்த்துப்போகும் என்று கரும்பலகையில் கோடு கிழித்துக் காட்டினான். பெருமீனான மார்லின் கடித்ததும் 100 பாகத்துத் தூண்டிலைத்தான்.

அதே தோழனுக்குக் கிழவர்மீது ஒரு குறையும் இருந்தது. இடக்கை மரத்து மடங்கிக்கொண்டபோது, பெலன் வேண்டுமென்று சூரை மீனைப் பச்சையாகத் தின்கிறார். தொட்டுக்கொள்ள உப்பில்லை, எலுமிச்சையில்லை. “தொழில் தெரிந்தவர் உப்பில்லாமல் போகலாமா, சேர்?” என்று கேட்டான். சில பக்கம் தள்ளிச் சந்தியாகோவும் தம்மை அப்படித்தான் நொந்துகொள்கிறார்.

இந்த நுணுக்கமெல்லாம் எழுதியவருக்கு மேசையிலிருந்து வந்ததல்ல. 1934இல் ‘பிலார்’ என்ற படகை வாங்கி கியூபாக் கடலில் மார்லின் பிடித்தவர் ஹெமிங்வே. கதையின் கருவையும் அங்குதான் பெற்றார். 1936இல் ‘எஸ்குவயர்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில் சில வரிகளில் அது வருகிறது: தனியே போன ஒரு கிழவர், இழுத்துச் சென்ற பெருமீன், தின்று தீர்த்த சுறாக்கள். மற்ற மீனவர்கள் கண்டெடுத்தபோது அந்தக் கிழவர் படகில் இருந்து அழுதுகொண்டிருந்தாராம். நாவலில் சந்தியாகோ அழுவதில்லை. புண்ணான அவர் கைகளைப் பார்த்து அழுபவன் சிறுவன் மனோலின். அந்தக் கண்ணீரை இடம் மாற்றியதுதான் கதையின் உயிர் என்று நினைக்கிறேன். சந்தியாகோவின் துன்பத்தைச் சிலுவை, கிறிஸ்து என்று உரைகாரர்கள் நீட்டிச் சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

கட்டுரைக்கும் நாவலுக்கும் இடையில் 15 வருடத்துக்கு மேல். அதற்குள் ஸ்பானிய உள்நாட்டுப் போர், இரண்டாம் உலகப் போர், 1940இல் பெரும்புகழ் தந்த ஒரு நாவல், 1950இல் விமர்சகர்கள் கிழித்தெறிந்த இன்னொன்று. ‘ஆள் முடிந்துபோனார்’ என்று பேசத் தொடங்கிய வேளையில், பதினெட்டு வயதில் கன்சாஸ் சிட்டிப் பத்திரிகை அலுவலகத்தில் கற்ற சிறு வாக்கியங்களுக்கே திரும்பினார். 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகை முழு நாவலையும் ஒரே இதழில் வெளியிட்டது. இரண்டே நாளில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. 1953இல் புலிட்சர் பரிசு, 1954இல் நோபல் பரிசு. அந்த வருடத் தொடக்கத்தில் ஆபிரிக்காவில் இரண்டு விமான விபத்துகளில் அடிபட்டிருந்ததால் நோபல் பரிசு வாங்க ஸ்டொக்ஹோம் போகவில்லை. பதக்கத்தை கியூபாவின் எல் கோப்ரே மாதா கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். 1961இல் தம் துப்பாக்கியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டதை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.

நம் பழைய மாணவர் கிளை, கல்லூரி நூலகத்துக்கு அடுத்த முறை புத்தகங்கள் அனுப்பும்போது இந்த நாவலோடு அந்த 1936 கட்டுரையின் பிரதியையும் சேர்த்து அனுப்பலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதைக் கூட்டினார், எதைக் கழித்தார் என்று மாணவர்களே தேடட்டும். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.