வடிகட்டியில் விழுந்த மூன்று எழுத்துகள்

செவித்திறன் குறைந்தவர்களின் மரபணு வரிசையைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. பல ஆண்டுகளாக நான் அதிகம் எழுதிய வாக்கியம், "காரணமான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை" என்பதுதான். அப்படி நான் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையோடு ஒருநாள் எங்கள் கேட்பியல் நிபுணர் என் மேசைக்கு வந்தார்.

"அப்பா, அத்தை, 14 வயதுப் பெண். மூவருக்கும் முதலில் கீச்சொலிகள்தான் கேட்காமல் போயின. செவித்திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராம் மூன்றும் ஒரே அச்சு. ஒன்றுமில்லை என்று எப்படி எழுதினீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. வடிகட்டுவதற்கு முந்தைய தரவைத் திறந்தேன். ஜி.எஸ்.டி.எம்.இ என்ற மரபணுவின் 7ஆம் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்கான குறிப்புள்ள எக்ஸான் துண்டுகளுக்கு இடையே வரும் ஒரு பகுதியில், மூன்று டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டிருந்தன. எக்ஸானின் விளிம்பிலிருந்து 10 எழுத்துகளுக்கு அப்பால் எது இருந்தாலும் தள்ளிவிடும்படி கணினியை நாங்களே அமைத்திருந்தோம். இது 13ஆம் எழுத்தில் தொடங்கியது.

மரபணு ஆர்.என்.ஏ என்ற நகலாகப் படியெடுக்கப்பட்டதும், இடையிலுள்ள இன்ட்ரான்களைச் செல் வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டுகிறது. 1977இல் கண்டறியப்பட்ட செயல் இது. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது திசுவுக்குத் திசு மாறும். எங்கே வெட்டுவது என்பதற்கான அடையாளங்களில் ஒன்று இன்ட்ரானின் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. அந்த மூன்று எழுத்துகள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவை இல்லாததால் செல் 8ஆம் எக்ஸானைத் தாண்டி, 7ஐ 9உடன் ஒட்டிவிடுகிறது. இந்த மரபணுவில் காது கேளாமையைத் தரும் மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தாலும், எல்லாமே 8ஆம் எக்ஸானைத்தான் விடச் செய்கின்றன. அப்படிப் பிறக்கும் குறைப்புரதம் செல்லின் சவ்வையே துளைக்கிறது. இந்த மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிகளுக்கோ காது நன்றாகவே கேட்கிறது! இதைப் படித்த நாளில் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குடும்பத்தாரின் இரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ எடுத்து, நீளவாரியாகத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினோம். வழக்கமான பட்டைக்குக் கீழே, 8ஆம் எக்ஸான் இல்லாத குட்டையான துண்டாக, இன்னொரு பட்டை தெளிவாக நின்றது. காதில் ஹெட்போன் மாட்டியதால்தான் கெட்டுப்போனது என்று இரண்டு ஆண்டுகளாக அந்தப் பெண்ணை வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்றுமில்லை என்ற என் அறிக்கையும் அந்தப் பழிக்குத் துணைபோயிருக்கிறது.

அன்று இரத்தம் உதவியது. எப்போதும் உதவாது. ஒலியை மின்குறிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் ஒரு காதில் சுமார் 15,000 மட்டுமே. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எலும்புக்குள் புதைந்திருக்கும் அவற்றைக் கிள்ளியெடுத்துப் பார்க்க வழியில்லை. வெட்டி ஒட்டுவதிலோ அவற்றுக்குத் தனி வழக்கு உண்டு. மயிர்முனைகளை இணைக்கும் நுண்ணிழையின் மேற்பாதியான கேட்ஹெரின்-23 புரதத்துக்கு, உட்செவியில் 68ஆம் எக்ஸானும் சேர்க்கப்படுகிறது. மற்ற பல திசுக்களில் அது விடப்படுகிறது.

ரெஸ்ட் மரபணு இன்னும் வியப்பானது. பெரும்பாலான செல்களில் அதன் புரதம் நரம்புசார் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. மயிர்ச்செல்லில் 4ஆம் எக்ஸானையும் சேர்த்து ஒட்டும்போது அந்த அடக்குமுறை செயலிழக்கிறது; அதனால்தான் மயிர்ச்செல் உயிர் வாழ்கிறது. ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கேளாமைக்குக் காரணம் 4ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 2008இல் தெரிந்தது. இந்த எக்ஸான் சேராமல் போனதே காரணம் என்பது 2018இல்தான் வெளியானது. பத்து ஆண்டுகள்! அந்தக் குடும்பத்தின் மாதிரி என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பேன்.

இப்போது வடிகட்டியின் எல்லையை 50 எழுத்துகளாக விரித்திருக்கிறோம். வேலை கூடிவிட்டது, பொருளற்ற மாற்றங்கள் குவிகின்றன. ஆனாலும் பழைய அறிக்கைகளை ஆடியோகிராமோடு சேர்த்து வாரந்தோறும் திரும்பப் படிக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுதவேண்டி வந்தால், எந்தெந்தப் பகுதிகளை நாங்கள் படிக்கவில்லை என்பதை அதற்கு அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறேன்.