பழவேற்காடு: மணல் பார்க்க ஒரு பயணம்

சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை என்றால் தெற்கே போகும் ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைதான். வடக்கே யாரும் வண்டியைத் திருப்புவதில்லை. நாங்கள் நண்பர்கள் சிலர் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாக பைக்கில் கிளம்பினோம். சாலையை ஒட்டியே கடல் வரும், ஆனால் மணல் கிடையாது. கொட்டி வைத்த பாறைகள்தான். நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சென்னைத் துறைமுகம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்னும்போது இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தோன்றுவதில்லை.

மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. (பைக் இல்லையென்றால் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.) டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம் என்றால் நம்புவது கஷ்டம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது.

சரி, நாங்கள் வந்தது மணலுக்கு. பாலம் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவில் நீளமான மணல்திட்டு, அதன்மேல்தான் குப்பங்கள். வீடுகளைக் கடந்து நடந்தால் மணல்மேடுகள். சரிவெல்லாம் அடும்பங்கொடி, ஊதாப் பூவோடு. மேலே ராவணன் மீசைப் புல். வெறுங்காலோடு ஏறினால் நன்றாகக் குத்தும். காற்று அள்ளி வரும் மணலைப் பிடித்து மேடாக நிறுத்துவது இந்தச் செடிகள்தான். கடல் பொங்கினால் முதல் அடியை வாங்குவது அந்த மேடு. அதன்மேல் வண்டி ஏற்றி வீடியோ எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு மணலின் மேல் வேறு வருத்தம். "கோடையில முகத்துவாரம் அடைச்சிக்குது தம்பி. படகு வெளிய போவாது, எறா குஞ்சு உள்ள வராது" என்றார். முகத்துவாரம் என்பது ஏரி கடலோடு சேரும் வாய். கடலிலிருந்து குஞ்சாக வந்து ஏரியில் வளரும் இறால்தான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு. வலை போடும் இடத்தைக்கூட முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார்கள்; பாடு என்பார்கள்.

படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் குளிக்கவும் வேண்டாம், இழுப்பு அதிகம். பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். நாங்கள் போனது வெயில் காலம், ஒன்றுகூட இல்லை.

அப்புறம், நண்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பேரத்தை மட்டும் மீன் வாங்கிப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். நம் முகத்தைப் பார்த்ததும் சென்னை காசிமேட்டு மீன் சந்தை விலையைத்தான் சொல்வார்கள்.