மெஷின் போயிருச்சு, ஒர்க் ஆர்டர் போகலை

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பிட்டர் அண்ணன் கையில் ஒர்க் ஆர்டர் சீட்டோடு வந்து நின்றார். "ஏனுங்க சார், டிஜி-2க்கு சர்வீஸ் வந்திருக்குதுங்க. மெஷினே இல்லீங்களே, ஆயில எங்க ஊத்தறது?"

டிஜி-2 என்கிற அந்த ஜெனரேட்டரை கேஸ் கட்டிங் போட்டு லாரியில் ஏற்றி அனுப்பி அன்றோடு பதினோரு நாள்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். 2007இல் வாங்கிய 500 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் அது. 2012 மின்வெட்டில் ராப்பகலாக ஓடி மில்லைக் காப்பாற்றியது. கரண்ட் சீரான பிறகு வாரம் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. கிராங்க் ஷாஃப்டில் பெரிய வேலை வந்தபோது, சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் பதியும் மெயின்டனன்ஸ் சாஃப்ட்வேரில் இருந்த ஐந்து வருடச் செலவை எடுத்து ஜிஎம் மேஜையில் வைத்தேன். மெஷினைக் கழித்துவிட மறுபேச்சில்லாமல் கையெழுத்து விழுந்தது. சுலபமாக முடிந்தது அது ஒன்றுதான்.

அக்கவுண்ட்ஸில் அது ஒரே சொத்து, ஒரே எண். கம்பெனிச் சட்டம் சொல்லும் 15 வருட ஆயுள் முடிந்து, வாங்கிய விலையில் 5 சதவீத மதிப்பில் ஏட்டில் உட்கார்ந்திருந்தது. எங்கள் சாஃப்ட்வேரிலோ இன்ஜின், ஆல்டர்னேட்டர், பேனல் என்று மூன்று எண்கள். எந்த எண் எதற்கு என்று பொருத்திக் காட்டாமல் கேட் பாஸ் போட முடியாது என்றார்கள். நேம் பிளேட்டில் பெயின்ட் அடித்து வைத்திருந்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டே, தின்னர் போட்டுத் துடைத்து சீரியல் நம்பரைப் படித்தோம்.

ஸ்க்ராப் வாங்க வந்தவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஸ்டார்ட்டர் எங்கீங்க?" என்றார். சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த பட்டியலை அப்படியே டெண்டரில் போட்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு நடு ராத்திரி அந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி இன்னொரு ஜெனரேட்டரான டிஜி-1இல் மாட்டியதே நான்தான். விடிந்ததும் பதிவு பண்ணிக்கலாம் என்று விட்டது. அதற்கு அவர் விலையைக் குறைத்தார், நியாயம்தான். அன்று மாலையே பேப்பரும் கையுமாக மெஷினைச் சுற்றிவந்து, இருப்பதை மட்டும் எழுதினேன்.

பழைய இரும்பு என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. இன்ஜின் அடியில் சம்ப்பில் இருந்த 50 லிட்டர் சொச்சம் ஆயில் அபாயகரக் கழிவு. 2016 விதிகளின்படி அங்கீகாரம் உள்ள மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும், கூடவே கழிவு கைமாறுவதைக் காட்டும் படிவம் 10. ஆலையிலேயே வைத்திருக்கலாம் என்றாலும் 90 நாள்தான் கணக்கு. இரண்டு பேட்டரிகளும் வேறு வழியில் போயின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையில் இந்த ஜெனரேட்டரின் புகைபோக்கிக்கென்று ஒரு வரி இருப்பது கடைசி வாரம்தான் ஞாபகம் வந்தது. இல்லாத புகைபோக்கியை ஆய்வில் தேடுவார்களே என்று, வாரியத்துக்கு ஒரு கடிதம், மின் ஆய்வுத் துறைக்கு ஒரு கடிதம்.

இவ்வளவும் செய்துவிட்டு சாஃப்ட்வேரில் மூன்று எண்களையும் 'உபயோகத்தில் இல்லை' என்று மாற்றினேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்ததுதான் தப்பு. சர்வீஸ் ஷெட்யூல் தனி. '250 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ' என்று போட்டிருந்தோம். மணி மீட்டர் நின்றாலும் காலண்டர் நிற்கவில்லை.

உடன் வேலை செய்யும் தம்பி, "டெலீட் பண்ணிரலாம் சார்" என்றான். வேண்டாம் என்றேன். டிஜி-1 இன்ஜினும் அதே மாடல். எந்த மணியில் எந்தப் பாகம் போனது என்ற பழைய கதையெல்லாம் அந்த எண்ணில்தான் கிடக்கிறது. ஷெட்யூலை நிறுத்தி, திறந்திருந்த நான்கு ஒர்க் ஆர்டரையும் காரணம் எழுதி மூடினேன். ஸ்டார்ட்டரை அதன் சரித்திரத்தோடு டிஜி-1க்கு மாற்றினேன்.

மதியம் ஸ்டோர்ஸிலிருந்து போன். டிஜி-2 பேனலுக்கென்று வைத்திருந்த கன்ட்ரோலர் கார்டு குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனதால் சிஸ்டம் தானாகவே கொள்முதல் கோரிக்கை போட்டிருந்தது. பர்ச்சேஸ்காரர் அதை ஆர்டராகவும் மாற்றி அனுப்பிவிட்டார். சப்ளையர் திரும்ப எடுக்கவில்லை. டிஜி-1 பேனல் வேறு கம்பெனி என்பதால் அதற்கும் பொருந்தாது. பெட்டி பிரிக்காமல் மேல் ரேக்கில் இன்னும் இருக்கிறது.