சில்லு ஆடுது, எங்கே ஆடுது?

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் கார்களில் எங்களுடையதும் ஒன்று. போன மாதம் வேகம் 50ஐத் தாண்டினாலே ஸ்ரியரிங் கையில் நடுங்கியது. எல்லாரும் ரயர் பலன்ஸ்தான் என்றார்கள், செய்தும் பார்த்தேன், பிரயோசனமில்லை.

சரி என்று ஜக் வைத்து முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக். மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பெயரிங் தேய்வு என்றால் அப்போது ஆட்டம் நிற்க வேண்டும், நிற்கவில்லை. ரோச் அடித்துப் பார்த்தால் கீழ் ட்ரனியன், அதாவது முன் சில்லைக் கீழே பிடித்திருக்கும், மரை போட்ட மூட்டு! மரையெல்லாம் தேய்ந்து, கிறீஸ் கண்டு எத்தனை வருசமோ. அது கழன்றால் சில்லு மடங்கி, கார் நடுரோட்டில் குந்திவிடும்.

இப்போது புதிது போட்டாயிற்று. கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கி வைத்தே அடியுங்கள், பாரம் இருந்தால் மரைக்குள் சரியாக இறங்காது.