பூட்டு சாவிக்கு ஓட்டுக் கேட்ட மார்கழி

சிநேகிதி ஒருத்தி போன் செய்திருந்தாள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அவள் ஊரில் பிரசிடெண்டுக்கு நிற்கலாமென்று யோசனையாம். "உங்க அத்தை நின்னப்ப நீதானே எல்லாம் பார்த்த, எவ்வளவுடி ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் பெரிய தொகை இல்லை. 2019 தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. செலவு உச்சவரம்பு 34,000. முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். நாங்கள் அந்த வரம்பைத் தொடக்கூட இல்லை. ஆனால் அவளிடம் நான் பேசியது பணத்தைப் பற்றி அல்ல. பேசி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டதால், இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அத்தை என்றால் என் மாமியார். புதுக்கோட்டை மாவட்டத்தில், தென்னையும் பலாவும் உள்ள பக்கம். அரசியல் குடும்பம் எல்லாம் கிடையாது. மகளிர் குழுவுக்குப் பல வருஷம் ஊக்குநராக இருந்தவர், பேங்க் மேனேஜரிடம் சத்தமாகப் பேசத் தெரிந்தவர், அவ்வளவுதான். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் கோர்ட்டுக்குப் போனது, தலைவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் வந்தார்கள். இந்த இடைவெளியில்தான் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். மரம் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, டேங்கில் தண்ணீர் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? பிரசிடெண்ட் என்று ஒருவர் இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஒரு வாசல் இருந்திருக்கும். அத்தை குழுப் பெண்களிடம் காசு பிரித்து, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லி, தெருவுக்கு இத்தனை மணி என்று முறை வைத்துத் தண்ணீர் ஏற்றினார். அதற்கு மறுவருஷம் தேர்தல் அறிவித்து, எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்ததும் குழுப் பெண்களே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். 2016 சட்டத் திருத்தத்திலிருந்து உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குத்தானே.

கிராம ஊராட்சித் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் சுயேச்சைச் சின்னங்கள்தான். கட்சி இல்லை என்பதால் கட்சிக்காரர்கள் இல்லை என்று அர்த்தமில்லை, அது வேறு கதை. ஆனால் கட்சி ஓட்டு என்று ஒரு மொத்தக் கணக்கு இங்கே உதவாது என்பது நிஜம். எங்கள் ஊராட்சியில் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டு. ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு பழைய மனஸ்தாபம் உண்டு.

அதனால் நான் முதலில் செய்த வேலை வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தது. சிநேகிதியிடமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: நோட்டீஸ் பிறகு, மைக் பிறகு, பட்டியல் முதலில். ஒரு நீள நோட்டில் தெருவாரியாக, வீட்டுவாரியாக எழுதினேன். நான் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பாதிப் பேரை முகம் தெரியும், பேர் தெரியாது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். "இவன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. இவ கட்டிக்கொடுத்துப் போயிட்டா, பேரு இங்கயே இருக்கு. இது செத்துப்போன எங்க சின்ன மாமனார், இன்னும் எடுக்கல பாரு." கூடவே வரும் குறிப்புகளையும் எழுதினேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை, யாருடன் வரப்புத் தகராறு, எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. அண்ணனைப் பார்த்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனால் ஓட்டு விழாது, இரண்டு வீட்டுக்கும் வெவ்வேறு நாள் போக வேண்டும். இதையெல்லாம் எந்தக் கட்சி ஆபீஸும் சொல்லித்தராது.

எழுதி முடித்தபின் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று வெளியே இருப்பவர்கள். சிங்கப்பூர்க்காரர்களை விட்டுவிடலாம். திருப்பூர்க்காரர்களை விட முடியாது, அவர்கள் வந்தால் குடும்பமாக வருவார்கள். பஸ் காசு கொடுத்துக் கூட்டிவருவது தப்பு. நாங்கள் போன் மட்டும் செய்தோம், அதுவும் நேரடியாக இல்லை. அவர்களுடைய அம்மாக்களை விட்டுப் பேசச் சொன்னோம். இரண்டாவது, என்னை மாதிரி வாக்கப்பட்டு வந்த மருமகள்கள். இவர்களிடம் யாருமே ஓட்டுக் கேட்பதில்லை! வீட்டு ஆம்பளையிடம் கேட்டால் நாலு ஓட்டும் வந்துவிடும் என்ற நினைப்பு. எதிரணி மூன்று வாரமும் திண்ணையோடு நின்றுவிட்டது. நாங்கள் கொல்லைப்பக்கம் போனோம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், நூறு நாள் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்திருக்கும் நேரம். குடிதண்ணீர் எத்தனை மணிக்கு விட்டால் சௌகரியம் என்று அத்தை கேட்பார். விடியக்காலை நாலு மணிக்குத் தண்ணீர் விட்டால் மருமகள்தானே எழுந்து பிடிக்க வேண்டும், அவளைத் தவிர யாருக்கு இதில் கருத்து இருக்கும்?

சின்னம் பூட்டு சாவி கிடைத்தது. அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை, ஆட்டோ கேட்டிருந்தார். அது எதிர் வேட்பாளருக்குப் போய்விட்டது, அவர்கள் நிஜ ஆட்டோவையே மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். நாங்கள் பத்தாயத்துப் பழைய பூட்டை எடுத்தோம். உள்ளங்கை அகலத்துக்கு இரும்புப் பூட்டு, எண்ணெய் விட்டால்தான் திறக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனார். கிழக்குத் தெருவில் ஒரு அப்பத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, ஜெயிச்சா பூட்டிட்டுப் போயிருவியா, தொறந்து விடுவியா?" என்றது. தெருவே சிரித்தது. அத்தை பதில் சொல்லவில்லை. சாவியை அந்தக் கையிலேயே கொடுத்து "நீயே வச்சுக்க, நா சரியில்லன்னா பூட்டிரு" என்றார். அடுத்த நாள் காலை டீக்கடைக்கு அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நோட்டீஸ் அடித்த காசு தண்டம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். (சாவியைத் திரும்ப வாங்க மறந்து, பூட்டைத் திறந்த நிலையிலேயே மீதி ஊரைச் சுற்றினோம்.)

எதிரணி போஸ்டரில் வேட்பாளர் படத்தைவிட அவர் கணவர் படம் பெரிது. அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் எங்கள் வீட்டிலும் மாமாவை வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று நாலு பெரியவர்கள் வந்து சொன்னார்கள், இதையும் சொல்லத்தான் வேண்டும். மாமா "எனக்கு மாடு பிடிச்சுக் கட்டணும்" என்று எழுந்து போய்விட்டார். ரொம்ப நல்ல மனுஷன்.

பதவியை ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் கட்டச் சொல்லும் பேச்சு சில ஊர்களில் அந்த வருஷமும் அடிபட்டது. தேர்தல் ஆணையம் எச்சரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு இளைய தம்பியாக ஒரு முயற்சி நடந்தது: ஊர்க் கூட்டம் போட்டு ஒருமனதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம், எதற்குச் செலவு என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணினால் தெரியும், யாருடைய ஒருமனது என்று. இதே தமிழ்நாட்டில்தான் 1997இல் மேலவளவு முருகேசன், ஆதிதிராவிடர் ஒருவர் தலைவராக இருந்ததற்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார். தலைவர் பதவியை ஆதிதிராவிடருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலை முறையாக நடத்த முடியாமல் கிடந்து, 2006இல்தான் நடந்தது. அதனால் "ஒருமனதாக" என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். அத்தை மனுவை வாபஸ் வாங்கவில்லை.

கடைசி இரண்டு ராத்திரி ரூபாய் நோட்டு புழங்கியது. நாங்கள் கொடுக்கவில்லை. கொள்கை பாதி, கையில் இல்லாதது பாதி. வாங்கியவர்களைக் குத்திப் பேசாதே என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாங்கிக்கட்டும். மனசுல உள்ளதப் போடட்டும்."

இனிச் சொல்லப்போவதுதான் யாரும் கவனிக்காத வேலை. ஊரகத் தேர்தலில் மெஷின் கிடையாது, வாக்குச்சீட்டு. ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மெஷினில் பட்டன் அமுக்கிப் பழகிய கைக்கு இது குழப்பம். மூன்று வருஷம் தள்ளிப்போன தேர்தல் வேறு, முதல் தடவை ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்குச் சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு சின்னத்துக்கு நடுவில் முத்திரை விழுந்தால் செல்லாது. பாசத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஈரம் காயாமல் ஏனோதானோவென்று மடித்தால் மை அடுத்த பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஓட்டு வாங்குவது ஒரு வேலை என்றால், வாங்கிய ஓட்டைச் செல்லும்படி போட வைப்பது தனி வேலை.

குழுவில் ஒரு அக்கா தையல் மிஷின் வைத்திருக்கிறார். அவரிடம் வெட்டுத்துணி வாங்கி நாலு நிறத்தில் கைக்குட்டை அளவுக்குக் கத்தரித்தோம். திண்ணையில் பாட்டிகளை உட்கார வைத்து, ரோஸ் துணியை எடு, முதலில் நீளவாக்கில் மடி, அப்புறம் குறுக்கே மடி. தலைவருக்கு எது? ரோஸ். கவுன்சிலருக்கு? அது உங்க இஷ்டம். இந்தக் கடைசி வரியை நாங்கள் எல்லா வீட்டிலும் சொன்னோம். அதனால் எந்தக் கட்சிக்காரரும் எங்களை விரட்டவில்லை. ஒரு தாத்தா ரோஸுக்கும் சிவப்புக்கும் சண்டை போட்டார். அவருக்காக அத்தை, "நம்ம ஊரு பஞ்சுமிட்டாய்க் கலரு மாமா" என்றதும் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்கு ஓட்டுப்பதிவு முதல் கட்டத்தில், டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. முதல் நாள் 26ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். வளைய கிரகணம், புதுக்கோட்டைப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. பிரச்சாரம் ஏற்கனவே ஓய்ந்துவிட்டது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. அமாவாசை, கிரகணம், மறுநாள் தேர்தல் என்று அத்தையின் தங்கை ஒப்பாரி வைக்காத குறை. அத்தைக்கு மட்டும் சந்தோஷம். "இன்னிக்குக் காலையில ஒருத்தனும் வீட்ட விட்டு வெளிய வரமாட்டான். பணம் கொடுக்கவும் வரமாட்டான்" என்று கிரகணம் விட்டதும் தலைக்கு ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பம். என் நீள நோட்டு ஏஜெண்டாக இருந்த என் கொழுந்தனிடம் இருந்தது. மத்தியானம் வரை வராதவர்கள் பெயரை அவன் எழுதிக் கொடுத்தான், குழுப் பெண்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்கள். திருப்பூரிலிருந்து முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். அரைப் பரீட்சை லீவு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

எண்ணிக்கை ஜனவரி 2. நாலு நிறச் சீட்டும் ஒரே பெட்டியில் இருக்கும். கொட்டி, நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, அப்புறம்தான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். எங்கள் ஊர் முறை வரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. ஜெயித்தோம், ஐம்பதுக்கும் குறைவான வித்தியாசத்தில். செல்லாத ஓட்டுகள் அதைவிட அதிகம். அந்தச் செல்லாத சீட்டுக் கட்டுக்குள் ஆட்டோ மேல் விழுந்து வழிந்த முத்திரைகளையும் கொழுந்தன் பார்த்திருக்கிறான். கைக்குட்டைத் துணியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

சிநேகிதி அதோடு போனை வைக்கப் பார்த்தாள். இரு, பாதிதான் ஆகியிருக்கிறது என்றேன். ஜனவரி 6 பதவியேற்பு. 11ஆம் தேதி துணைத் தலைவர் தேர்தல். அதில் மக்களுக்கு ஓட்டு இல்லை, ஊராட்சிக்கு ஜெயித்து வந்தவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் ஒன்பது வார்டில் பெரும்பாலான உறுப்பினர்கள் எதிரணி, அவர்கள் ஆளே துணைத் தலைவர். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மோட்டார் ரிப்பேருக்கான முதல் பில் அவர் மேஜையில் கிடந்தது, கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. தண்ணீருக்காக ஓட்டுக் கேட்டு ஜெயித்தவரின் முதல் வேலையே தண்ணீரில் நின்றுபோனது. கடைசியில் அத்தை பில்லை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் தெருப் பெண்களிடம் போய், கையெழுத்து எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் கையெழுத்து வந்துவிட்டது.

ஆகையால் அவளுக்குச் சொன்னேன்: நீ நிற்கிறாயா இல்லையா என்பதை அப்புறம் முடிவு செய். உன் ஊரில் ஒன்பது வார்டோ பன்னிரண்டோ, ஒவ்வொன்றிலும் நிற்கக்கூடிய ஒரு பெண்ணை இப்போதே பார்த்து வை. பட்டியலை நீளவாக்கு நோட்டில் எழுது, பென்சிலால் எழுது.