ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி எங்கே?

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் கேட்பது குழந்தை எடை எவ்வளவு, தண்ணி போதுமா என்றுதான். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளாசென்டா) ஒட்டியிருக்கும் இடம்.

சிசேரியன் தழும்பு கர்ப்பப்பையின் கீழே, முன்பக்கம் இருக்கும். அங்கே உள்சவ்வு சரியாக வளராது. நஞ்சு அங்கேயே ஒட்டினால் கர்ப்பப்பைச் சதைக்குள் இறங்கிவிடலாம். சிலருக்கு மூத்திரப்பை வரைக்கும். இதுதான் அக்ரீட்டா வகை. நஞ்சு கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தவர்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 11 சதவீதம், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதம் இது இருந்தது என்கிறது 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சு முழுசாகப் பிரிந்தால் தசை இறுகிக் குழாய்களை நெரித்துவிடும். பிரியாததை இழுத்தால் அரைகுறையாகப் பிய்யும், தசையால் இறுக முடியாது, ரத்தம் கொட்டும். அதனால் முன்கூட்டியே தெரிந்த கேஸில் பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள், நஞ்சு இல்லாத இடத்தில் வெட்டிக் குழந்தையை எடுத்துவிட்டு, நஞ்சைத் தொடாமல் கர்ப்பப்பையோடு சேர்த்தே அகற்றுவார்கள். ரத்த வங்கி, ஐசியூ, யூராலஜி எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ள ஜிப்மர் மாதிரி இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

நம்ம பக்கம் சிக்கல் வேறு. வளைகாப்பு முடிந்து பெண் கடலூருக்குத் தாய்வீடு போய்விடுவாள்; ஸ்கேன் ஃபைல் புதுச்சேரி வீட்டு பீரோவில் கிடக்கும். புடவைக்கு முன்னால் அந்த ஃபைலைப் பையில் வையுங்கள்.

ஸ்கேனில் தப்பிவிடக்கூடிய இன்னொன்று, நஞ்சோடு ஒட்டாமல் பனிக்குடச் சவ்வில் தனியாக வளரும் குட்டி நஞ்சுத் துண்டு. நஞ்சு வெளியே வந்ததும் தட்டில் விரித்து, சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரம் தாண்டி ஓடும் ரத்தக்குழாய் ஒரு ஓட்டையில் அறுந்து நின்றால், துண்டு உள்ளே தங்கிவிட்டது. நஞ்சைப் பார்க்காமல் வாளியில் போடுவது சோம்பேறித்தனம், வேறென்ன!

பிரசவமானதும் எல்லோருக்கும் கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. ரத்தம் நிற்கவில்லையா, டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் நரம்பில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள். 30 நிமிடம் கழித்தும் ரத்தம் போனால் இன்னொரு கிராம்.

தங்கிய துண்டு வீட்டுக்குப் போன பிறகும் வேலையைக் காட்டும். "அழுக்கு ரத்தம், போகட்டும்" என்று பெரியவர்கள் சொன்னாலும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும்.