இரண்டு தேங்காயும் கொம்தாரும்: நேர்காணல் பயிற்சியில் மூன்று வாரங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அழைப்பு வந்தால் டிசம்பரில் நேர்காணல் இருக்கும். 2020 முதல் அதை இணையவழியே நடத்துவதால் விமானச் செலவு இல்லை. பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என் அறையிலேயே உட்கார்ந்து பேசிவிடலாம். டிசம்பரில் இங்கிலாந்து நேரம் நமக்கு 8 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அவர்களுக்குக் காலை 10 மணி என்றால் நமக்கு மாலை 6. கீழ்வீட்டில் மிளகாய் தாளிக்கும் நெடியும் தொலைக்காட்சித் தொடரின் அழுகையும் ஒன்றாக மேலேறி வரும் நேரம் அதுதான் என்பதால், பயிற்சியையும் அதே நேரத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முழுவதும் புதிர்க் கணக்குகளைக் குறிப்பேட்டில் போட்டுத் தள்ளி, ஏதோ முன்னேறிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா ஒருநாள் எதிரில் அமர்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேள்வி கேட்டார். முட்டையை வைத்துக் கேட்கப்படும் பழைய புதிர்தான். தைப்பூசத்தில் வீதி நிறையத் தேங்காய் உடைக்கும் ஊரில் முட்டை எதற்கு என்று அவரே மாற்றிக்கொண்டார்: எங்கள் ஊர் வானளாவியான கொம்தாருக்கு 65 மாடிகள், கையில் இரண்டு தேங்காய்கள், எந்த மாடியிலிருந்து போட்டால் தேங்காய் உடையத் தொடங்கும் என்பதை, எவ்வளவு மோசமான நிலையிலும், மிகக் குறைந்த முயற்சிகளில் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாடியிலேயே உடைந்துவிடாதா என்றேன். "இது வைரம் பாய்ந்த தேங்காய், தம்பி. கணக்கைச் சொல்," என்றார்.

நான் வாய் திறக்க நான்கு நிமிடங்கள் ஆயின. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது, அந்த நான்கு நிமிடமும் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்தது.

சொன்ன விடையும் தவறு. பாதியாகப் பிரிக்கும் பழக்கத்தில் 32-ஆம் மாடியிலிருந்து தொடங்கலாம் என்றேன். முதல் தேங்காய் அங்கேயே உடைந்துவிட்டால், மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வொரு மாடியாகத்தான் ஏற வேண்டும். ஆக மொத்தம் 32 முயற்சிகள். எட்டு எட்டு மாடியாகத் தாவினால் 15-இல் முடிகிறது என்பதை அடுத்துக் கண்டேன். "தாவலெல்லாம் ஏன் ஒரே அளவில் இருக்க வேண்டும்?" என்று அக்கா கேட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. முதல் தேங்காயை ஒருமுறை கூடுதலாகப் போடும்போதெல்லாம், இரண்டாவது தேங்காய் ஏற வேண்டிய மாடிகளில் ஒன்று குறைந்தாக வேண்டும். ஆகவே 11-இல் தொடங்கி, 21, 30, 38, 45 என இடைவெளியை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். 11 முதல் 1 வரை கூட்டினால் 66. அதற்குள் 65 அடங்கிவிடுகிறது. 10-இல் தொடங்கியிருந்தால் 55 மாடிகளோடு நின்றிருக்கும். எனவே 11-க்குக் குறைவாக முடியாது.

இரண்டாம் வாரம் அந்த மௌனத்தைத்தான் ஆராய்ந்தேன். விடையைவிட மாணவர் சிந்திக்கும் வழியையே பார்ப்பதாக அந்தப் பல்கலைக்கழகம் வெளிப்படையாகவே சொல்லும்போது, வாய்மூடியிருப்பவனிடம் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்? தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு சொல்லி வளர்ந்த எனக்கு மனக்கணக்கு இன்றும் தமிழில்தான் ஓடுகிறது. நான்கு நிமிடங்களில் பெரும்பகுதி யோசனைக்குச் செலவாகவில்லை. யோசித்ததை ஆங்கிலத்துக்கு மாற்றி, இலக்கணம் சரிபார்த்து, வெட்கப்பட்டு, விழுங்குவதற்கே செலவானது. அதனால், மனத்தில் முதலில் தோன்றுவது தவறாக இருந்தாலும் உடனே சொல்லிவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். அக்கா வராத நாட்களில் சுவரைப் பார்த்துப் பேசினேன். பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் விசாரித்தாராம்.

மூன்றாம் வாரம் அக்கா கேள்வியைத் திருகினார். மேலே கட்டி உயர்த்திய பிறகு கொம்தாருக்கு 68 மாடிகள் அல்லவா, இப்போது என்ன ஆகும்? 66 போதாது, எனவே 12 என்று உடனே சொன்னேன். சரி, 65 மாடிகளே இருக்கட்டும், தேங்காய் மூன்று என்றார். சூத்திரம் எதுவும் நினைவில் இல்லாததால் பேசிக்கொண்டே போனேன். ஏழு முயற்சிகள் இருப்பதாக வைத்தால், முதல் தேங்காய் உடைந்த பிறகு இரண்டு தேங்காயும் ஆறு முயற்சிகளும் மிஞ்சும். அவற்றால், 6 முதல் 1 வரை கூட்டினால் வரும் 21 மாடிகளைச் சோதிக்கலாம். ஆகவே முதலில் 22-ஆம் மாடியிலிருந்து போடலாம். உடையாவிட்டால் அடுத்து 16 மாடிகள் ஏறலாம். பிறகு 11, 7, 4, 2, 1. கூட்டினால் 63. ஆங்கிலத்தில் சரளமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், "ஐயோ, ரெண்டு மாடி குறையுதே" என்று தமிழில் கத்திவிட்டேன். அக்கா நிறுத்தவில்லை. எட்டு முயற்சிகள் என்றால் அடியில் இன்னொரு 29 சேர்ந்து 92 ஆகிறது; எனவே விடை எட்டு.

அன்றைய ஒலிப்பதிவில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட இடைவெளி 35 விநாடிகள். அதிலும் பாதி, கீழ்வீட்டுத் தொடரில் யாரோ அழுதுகொண்டிருந்ததால் காத்திருந்தது.